ஓடாத டிவிடி

மே 5, செவ்வாய்

வவாவு தீவிலிருந்து கப்பல் காலையில்தான் வந்து சேர்ந்தது. ஒரு வாரம் மாதர் சங்கக் கூட்டம் – பாட்டு, ஜெபம், மறுபடி பாட்டு. வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் அடிக்கலாமென்று கம்ப்யூட்டரைத் திறந்தால் என் கம்ப்யூட்டரைக் காணோம். பெட்டி என்னுடையதுதான். உள்ளே வேறு எவனோ குடிவந்திருக்கிறான். நான் வைத்த இடத்தில் எதுவும் இல்லை. கீழே பொட்டுப் பொட்டாக என்னவோ வரிசையாக நின்று என்னைப் பார்த்து விழிக்கிறது.

பள்ளி ஆபீஸில் வருஷக்கணக்காக அதன் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கழித்துக் கட்டியபோது கேட்டு வாங்கி வந்த பெட்டி அது. கண்ணை மூடிக்கொண்டு அதில் வேலை செய்வேன். இப்போது கண்ணைத் திறந்துகொண்டும் ஒரு கடிதம் அடிக்க முடியவில்லை.

ஃபூசியைக் கூப்பிட்டேன். தம்பி பெண்டாட்டி. வழக்கம்போலத் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அவருதான் அக்கா... பழசு ரொம்ப மெதுவா இருக்குன்னு எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வரச் சொன்னாரு. புது சிஸ்டம் போட்டிருக்காரு. வந்ததும் நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு..."

சந்தோஷமாம்.

தம்பி லோபெட்டி பிப்ரவரியில் வந்தான். இருபது வருஷம் ஆஸ்திரேலியாவில் திராட்சை பறித்தான். விசா முடிந்ததும் ஒளிந்துகொண்டான். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாதென்று அப்பாவின் சாவுக்குக்கூட வரவில்லை. கடைசியில் பிடித்து அனுப்பினார்கள், ஒரு பையோடு வந்து இறங்கினான். இறங்கியவன் குடும்பத்துக்குச் செய்த முதல் நல்ல காரியம் என் கம்ப்யூட்டரில் கை வைத்தது. யார் கேட்டார்கள்?

மே 6, புதன்

தம்பி மகள் லோசா வேலை முடிந்து நேராக இங்கே வந்தாள். எப்போதும் அப்படித்தான். அப்பா அம்மா வீடு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அவள் செருப்பு என் வாசலில்தான் கிடக்கும். முப்பதாம் தேதி சனிக்கிழமை அவளுக்கு இருபத்தொன்று.

"அத்தை, சாவிய நீங்கதான் குடுக்கணும்."

மரச்சாவியைச் சொல்கிறாள். இருபத்தொன்று முடிகிற பிள்ளைக்கு, இனி பெரிய ஆள் என்று அப்பா சபை நடுவில் பேசிவிட்டுக் கொடுப்பது.

"உங்கப்பா குடுக்கட்டுமேடி" என்று ஒப்புக்குச் சொன்னேன்.

"எந்த அப்பா? போன்ல தெரிவாரே, அவரா?"

அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. உள்ளுக்குள் இனித்தது, எதற்கு மறைக்க வேண்டும். வளர்த்தவள் நான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் விழித்திருந்தவள் நான்.

"பேச்செல்லாம் வேண்டாம் அத்தை. என் மொத பிறந்தநாள் டிவிடி இருக்குல்ல, அத ஹால்ல பெருசாப் போட்டுட்டு, சாவியக் குடுத்துடுங்க. போதும்."

சரி என்றேன். அவள் போனதும் டிவிடியை எடுத்தேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும், அந்தக் காலத்து கேமராவுக்குள் போடுகிற சின்னத் தட்டு. அதில் நான் ஃபாஹுவாக உட்கார்ந்திருக்கிறேன், குழந்தையுடைய அப்பாவின் அக்கா என்பதால் வந்த முதல் மரியாதை. பரிசாக வந்த நல்ல பாயெல்லாம் என் காலடியில். கேக்கின் மேலடுக்கு எனக்கு. லோசா என் மடியில் உட்கார்ந்து என் காதுத் தோட்டைப் பிடித்து இழுக்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போட்டுப் பார்ப்போம். ஒரு வருஷம்கூட ஓடாமல் இருந்ததில்லை.

போட்டேன். கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு திரையில் ஒரு கட்டம் வந்தது: இந்தத் தட்டு காலியாக இருக்கிறது, பயன்படுத்தத் தயார் செய்யட்டுமா?

காலியா?

எதையும் அழுத்தாமல் தட்டை வெளியே இழுத்துவிட்டேன். அது எப்படிக் காலியாகும்? அடப்பாவி, என்னடா பண்ணித் தொலைச்ச?

மே 7, வியாழன்

லோபெட்டியை வரச் சொன்னேன். வந்தான். அதாவது ஜன்னலுக்கு வெளியே வரைக்கும் வந்தான். என் முன்னறைக்குள் அவன் வரமாட்டான், வரவும் கூடாது; அக்கா தம்பி முறை எங்களுக்கு அப்படி. திரை முன்னால் அக்காளும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்தால் அப்பா கல்லறையை விட்டு எழுந்து வந்து அடிப்பார். ஆகவே அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு வெளியே உட்கார்ந்தான். ஃபூசி ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றாள். அவன் அவளிடம் சொல்ல, அவள் என்னிடம் சொல்ல, நான் அழுத்த.

"இடது பக்கம் மேல அழுத்தச் சொல்றாரு அக்கா."

"யாரோட இடது பக்கம்?"

"ஏங்க, யாரோட இடது பக்கம்?"

இப்படியே மத்தியானம் முழுதும் போனது. கடைசியில் தெரிந்தது இது: புது சிஸ்டத்தில் டிவிடி ஓட்டுகிற சாமானே கிடையாது. எந்த டிவிடியும் ஓடாது. இதைத்தான் முன்னேற்றம் என்று கொண்டுவந்து போட்டிருக்கிறான். காசில்லாமல் கிடைக்கிற ஒரு பிளேயரை அவன் போனிலிருந்து இறக்கிக் கொடுத்தான், போட்டோம். சோதிக்க கோவில் பாடகர் குழு டிவிடியை வைத்தேன். ஓடியது. பாட்டுக்கு எல்லோரும் வாயைத் திறக்கிறார்கள், சத்தமும் வருகிறது.

லோசாவின் தட்டை வைத்தேன். காலி.

"டிரைவ் நல்லாத்தான் இருக்கு, பிளேயரும் நல்லாத்தான் இருக்கு, தட்டுலதான் ஏதோ கோளாறுன்னு சொல்றாரு அக்கா."

"தட்டுல கோளாறா? போன வருஷம் ஓடின தட்டுல? அவன் கை படாத வரைக்கும் இந்த வீட்ல எதுக்கும் கோளாறு இல்லன்னு சொல்லு!"

அவன் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஃபூசி திரும்பி, "உங்க கை படாத வரைக்கும்..." என்று ஆரம்பித்தாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

மே 8, வெள்ளி

பழையதையே திரும்பப் போடு என்று சொல்லியனுப்பினேன். முடியாதாம். துடைத்துவிட்டானாம். பழைய சிஸ்டத்தின் தட்டு பள்ளியில் இருக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். அதெல்லாம் புயலோடு போயிற்றாம்.

துடைத்துவிட்டான். என்ன சுலபமான வார்த்தை.

மே 9, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. கடைக்குப் போய்விட்டு வந்தால் ஃபூசி என் மேசை முன்னால் உட்கார்ந்து, லோசாவின் தட்டை விரலால் தடவிக்கொண்டிருக்கிறாள். தேங்காயெண்ணெய்! பூ போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தலைக்குத் தேய்ப்பது!

"கோடு கோடா சிராய்ப்பு இருந்துச்சு அக்கா... எண்ணெய் போட்டா மறையும்னு..."

என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. பக்கத்து வீட்டுப் பன்றிகள்கூட எழுந்து ஓடின. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் எண்ணெயில பொரிச்சுத் தின்னுட்டியா" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் மாட்டாள். புருஷனின் அக்காவை எதிர்த்து அவள் எப்போது வாயைத் திறந்தாள்? இடித்து வைத்த புளி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படியே இருக்கிறாள். அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டுத் தட்டைக் கழுவித் துணியில் ஒற்றி வைத்தேன். வாசனை போகவில்லை.

மே 10, ஞாயிறு

இன்று ஓய்வுநாள், எதையும் தொடக்கூடாது. கோவிலில் போதகர் கோபத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

மே 12, செவ்வாய்

டவுனுக்குப் பஸ் ஏறி, கம்ப்யூட்டர் கடைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஃபிஜியில் படித்துவிட்டு வந்தவன், சட்டையில் பேரெல்லாம் குத்தியிருந்தது. தட்டைப் போட்டான், இரண்டு தட்டு தட்டினான், வெளியே எடுத்தான்.

"இதுல ஒண்ணுமே இல்லம்மா. காலி. புதுத் தட்டு."

"அப்ப இருபது வருஷமா நாங்க பாத்தது என்ன, பேயா?"

"வேற தட்டா இருக்குமோ?"

"தம்பி, அதுல என் கையெழுத்து இருக்கு. 'லோசா, ஒரு வயது'ன்னு எழுதியிருக்கு. உனக்குப் படிக்கத் தெரியுமா, இல்ல அதையும் கம்ப்யூட்டருதான் சொல்லணுமா?"

அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததும் எனக்குத் தாங்கவில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் அதை வைத்துக்கொண்டு பார்த்தேன். உண்மையிலேயே அழிந்துவிட்டதென்றால்? அந்தக் குழந்தையை நான் வேறெங்கே போய்ப் பார்ப்பேன்? அப்பாவும் அதில்தான் சிரிக்கிறார்.

மே 14, வியாழன்

லோசாவிடம் சொன்னேன். சொல்லாமல் எத்தனை நாள் இருப்பது? அவள் அழவில்லை. முகம் மட்டும் கல்லாகிவிட்டது.

"அவர் வந்து மூணு மாசம்தான் ஆச்சு அத்தை. எல்லாத்தையும் தொட்டாச்சு. என் மொத பிறந்தநாளுக்கு அவர் இல்ல. அந்த நாளையும் இல்லாமப் பண்ணிட்டாரு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது. லோபெட்டியாகத்தான் இருக்கும். கேட்டிருந்தால் கேட்கட்டும்.

மே 15, வெள்ளி

விடிந்ததும் ஃபூசி வந்து நின்றாள். தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னானாம் அவன். ராத்திரியெல்லாம் போனில் எதையெதையோ தேடிப் படித்தானாம்.

பெரிய மந்திரவாதி என்று நினைத்துக்கொண்டே வாசலில் வந்து பிடித்தேன். உள்பக்கம் அகலமாக ஒரு வளையம் கொஞ்சம் கருத்துத் தெரிகிறது. வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் வெளுப்பாக. நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை. இருபது வருஷமாக இந்தத் தட்டைத் தூசி தட்டி வைக்கிறேன், இதைப் பார்த்ததே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனே கத்தினான். "கருப்பாத் தெரியறது படம் அக்கா! அழியல! வெளுப்பா இருக்கறது எழுதாத எடம்!"

உட்கார்ந்துவிட்டேன், வாசல் படியிலேயே.

பிறகு ஃபூசி வழியாக மிச்சத்தைச் சொன்னான். அந்த மாதிரி கேமராவில் எடுத்து முடித்ததும் தட்டை மூட வேண்டுமாம். மூடினால்தான் உள்ளே இன்னின்ன இருக்கிறது என்று தட்டின் தலைப்பில் எழுதும், மற்ற மெஷின்கள் அதைப் பார்த்துப் படிக்கும். எங்கள் தட்டை யாரும் மூடவில்லை. பழைய சிஸ்டத்தோடு வந்த பிளேயர் கெட்டிக்காரப் பிளேயர், மூடாத தட்டையும் துழாவிப் படித்துவிடும். புதியதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தலைப்பு இல்லையென்றால் காலி என்றே சொல்லிவிடும். மூட வேண்டுமென்றால் எடுத்த கேமராவே வேண்டும்.

ஆக, தப்பு சைமோனேயுடையது. கேமராக்கார சைமோனே. ஊர்க் கல்யாணம், சாவு எல்லாம் அவன்தான் எடுப்பான். கூலியாக ஒரு பன்றிக் குட்டியை முழுசாக வாங்கிக்கொண்டு போனானே! ஒரு தட்டை மூடத் தெரியாதவனுக்கு ஒரு பன்றிக் குட்டி!

மே 16, சனி

சைமோனே வீட்டில் இல்லை. தோட்டத்துக்குக் கிழங்கு தோண்டப் போயிருக்கிறான். திங்கட்கிழமைதான் வருவானாம். வந்ததும் இருக்கிறது அவனுக்கு.

மே 18, திங்கள்

போனேன். அவன் வாசலில் மண் ஒட்டிய காலோடு உட்கார்ந்திருந்தான். கிழவனாகிவிட்டான், பாதிப் பல்லைக் காணோம். அதற்காக நான் விடவில்லை. நின்றபடியே ஆரம்பித்தேன். பன்றிக் குட்டி, மூடாத தட்டு, ஊரை ஏமாற்றின தொழில், எதையும் பாக்கி வைக்கவில்லை. அவன் முழுவதையும் கேட்டுவிட்டு எச்சில் துப்பினான்.

"கலோலைனே, நான் நூறு கல்யாணம் எடுத்திருக்கேன். எல்லாத் தட்டையும் மூடித்தான் குடுத்தேன். இது ஒண்ணுதான் மூடல. மூட மறந்தேன்னு நெனச்சியா? மூட வேணாம்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"உன் தம்பி பொண்டாட்டி."

"ஃபூசியா? அவளா? அவளுக்கு வாயே கிடையாது."

"அன்னிக்கு இருந்துச்சு. நான் கேமராவ மடிச்சு வெக்கறப்ப பின்னாலயே வந்தா. 'இன்னும் எடம் இருக்கா'ன்னு கேட்டா. இருக்கு, கொஞ்சம் இருக்குன்னேன். 'மூடாதீங்க. அவரு அடுத்த மாசம் வந்துருவாரு. வந்ததும் புள்ளைய அவரு மடியில வெச்சு எடுக்கணும், இதே தட்டுல'ன்னா. சரின்னு விட்டுட்டேன். அடுத்த வருஷம் வந்தா, கேமரா இருக்கான்னு கேட்டா. அதுக்கு அடுத்த வருஷமும் வந்தா. அப்புறம் வர்றத நிறுத்திட்டா. ஆனா கேமராவ நான் விக்கல. ஒருவேள வந்து கேட்டாள்னா?"

உள்ளே போய் எடுத்து வந்தான். ஒரு குழந்தைச் சட்டையில் சுற்றி வைத்திருந்தான் கேமராவை.

திட்ட வந்தவள் நான். யாரைத் திட்டுவது? அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

மே 19, செவ்வாய்

ஃபூசியிடம் கேட்டேன். கத்தவில்லை, கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல அக்கா."

"இந்த ரெண்டு வாரமா நான் தலைகீழா நிக்கறேன். மூடாத தட்டுன்னு அவன் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"மூடாததுனாலதான் ஓடலன்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் தெரிஞ்சப்ப..." கீரையைப் பார்த்தாள். "என்னாலதான்னு தெரிஞ்சா நீங்க கத்துவீங்க."

கத்தத்தான் செய்திருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் படம் முடிந்து திரை கறுத்த பிறகும் இவள் எழுந்திருக்க மாட்டாள். எல்லோரும் சாப்பிடப் போவோம், இவள் மட்டும் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாத்திரம் கழுவ சோம்பேறித்தனம் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, சொல்லவும் செய்தேன், நாலு பேர் முன்னால்.

மே 21, வியாழன்

சைமோனே கேமராவைக் கொண்டு வந்தான். பாட்டரி செத்துவிட்டது. கரண்டில் செருகினால் உயிர் வருகிறது. தட்டை உள்ளே போட்டதும் சின்னத் திரையில் அப்பா! தொப்பியோடு. என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, சைமோனே திரும்பிப் பார்த்தான்.

"இருக்கு பாரு, எல்லாம் பத்திரமா இருக்கு. எண்ணெ வாசன வேற வருது, அது எப்படி?" என்றான்.

"மூடிரவா? மூடினா எந்த மெஷின்லயும் ஓடும். ஆனா அதுக்கப்புறம் ஒண்ணும் சேக்க முடியாது. மிச்ச எடம் வீண்தான்."

ஃபூசி வாசலில் நின்றிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்து கேட்டால் என்ன? இவ்வளவு காலம் காத்திருந்தவளுக்கு ஒரு வரி கேட்க முடியாதா? அவளுக்கும் சேர்த்து நானே கேட்க வேண்டுமா? அவ்வளவு கோபம் வந்தது எனக்கு.

"மூடாதே" என்றேன் சைமோனேயிடம். "சனிக்கிழமை வா."

மே 22, வெள்ளி

தட்டின் மிச்ச இடத்தில் அப்பாவோடு உட்கார்ந்து எடுத்துக்கொள் என்றேன். லோசா முடியாது என்றாள்.

"அவர் மடியில ஒக்காரணுமா? எனக்கு இருபத்தொண்ணு அத்தை!"

"மடியில வேண்டாம். பக்கத்துல ஒக்காரு."

"எதுக்கு? அவர் அங்க இல்ல. இருந்த மாதிரி பொய்யா எடுக்கணுமா?"

"உங்கப்பனுக்காகச் சொல்லலடி. அவனுக்காக நான் சுண்டு விரலக்கூட அசைக்க மாட்டேன். உங்கம்மாவுக்காக."

"அம்மா கேட்டாங்களா?"

"கேக்க மாட்டா. அதனாலதான் நான் கேக்கறேன்." பிறகும் அவள் அசையாததால் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அத்தை சொல்றேன். ஒக்காரு."

அத்தை சொன்னால் இந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். அந்தக் கோபம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மே 23, சனி

அந்த வீட்டில் எடுத்தார்கள். நான் என் சமையலறையில் இருந்தேன். தம்பி கேமரா முன்னால் உட்காரும்போது நான் அங்கே எப்படி நிற்பது? கிழங்கைச் சீவுகிறேன் என்று தோலைவிடக் கிழங்கை அதிகம் சீவிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் மூடுகிற வேலை. நடுவில் கரண்ட் போனால் தட்டு மொத்தமும் போச்சு என்று சைமோனே சொல்லியிருந்தான். இந்த ஊர்க் கரண்டை நம்பி! விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை மங்கியது. உயிர் போய் வந்தது. மின்சார ஆபீஸை, காற்றை, மழையை, லோபெட்டியை, எல்லோரையும் ஒரே மூச்சில் திட்டினேன்.

கடைசியில் ஃபூசி வேலியருகே வந்து தலையை ஆட்டினாள். மூடியாயிற்று. என் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன புது சிஸ்டம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டியது. முதல் நிமிஷம் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினேன். மிச்சம் ஹாலில்.

மே 27, புதன்

கேக், பாய், பன்றி, பாட்டுக்காரர்கள். எழுத நேரமில்லை. லோபெட்டி ஹாலில் திரைக்குப் பெரிய வெள்ளைத் துணி கட்டினான். கோணலாகக் கட்டினான். அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னேன்.

மே 31, ஞாயிறு

நேற்று நடந்ததை ஓய்வுநாளில் எழுதுவது பாவமென்றால் ஆகட்டும்.

ஹால் நிறைய ஜனம். படம் போடப் போகிறார்கள் என்றதும் லோபெட்டி எழுந்து வெளியே போய்விட்டான், பன்றி வேகிற குழியைப் பார்க்கிறேன் என்று. நான் படம் பார்க்கும் இடத்தில் அவனும் உட்கார்ந்து பார்க்கக்கூடாதே. முறைதான். முன்வரிசையில் லோசா. பக்கத்தில் நான். ஃபூசி எங்கோ பின்னால், சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டு.

ஓடியது. அப்பா தொப்பியோடு. பழைய போதகர் ஜெபம் சொல்லும்போதே தூங்கி விழுகிறார், ஹாலே சிரித்தது. நான் ஒல்லியாக, பாய்மேல் ராணி மாதிரி. லோசா என் காதைப் பிடித்து இழுக்கிறாள். எப்போதும் கறுத்துப் போகிற இடம் வந்தது. கறுக்கவில்லை. படம் ஒரு குதி குதித்தது. லோபெட்டி.

நரைத்த தலை. இறுக்கமான சட்டை, இடுப்பைச் சுற்றி விசேஷத்துக்குக் கட்டுகிற நல்ல பாய். பக்கத்தில் லோசா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. பிறகு எழுந்து நின்றான். கேமராவைப் பார்த்து, சபையைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, அன்றைக்கு அப்பா என்கிற முறையில் அவன் சொல்லியிருக்க வேண்டிய நன்றியைச் சொன்னான். இருபது வருஷம் கழித்து, அதே நாளில் நிற்பவன் போல.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு என் பொண்ணுக்கு ஒரு வயசு. போதகர் ஐயா, ஜெபம் பண்ணினதுக்கு நன்றி. அப்பா, முட்டி வலியோட வந்து ஒக்காந்திருக்கீங்க, நன்றி. பொண்ணு நடக்க ஆரம்பிச்சிட்டாளாம், சொன்னாங்க. இன்னும் நான் பாக்கல."

படத்தில் லோசா உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா, தெரியவில்லை. முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"கலோலைனே அக்காவுக்கு இந்தப் பாயெல்லாம் பத்தாது. நான் இல்லாத எடத்துல எல்லாம் அவங்கதான் நிப்பாங்க, எனக்குத் தெரியும். அவங்க கால்ல விழற தூரத்துல நான் இல்ல. அதுக்கு என்னத் திட்டட்டும்."

திட்டாமலா இருந்தேன்.

"ஃபூசி. அடுத்த மாசம் வந்துடறேன்னு சொன்னேன்ல?" சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "வந்துட்டேன்."

திரை கறுத்தது.

லோசா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்துவிட்டது. பாட்டுக்காரர்கள் என்ன பாடுவதென்று தெரியாமல் நின்றார்கள். சபைப் பெரியவர் எழுந்து, "இப்போது ஃபாஹு சாவியைக் கொடுப்பார்" என்று அறிவித்தார். நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

எழுந்து மேசைக்குப் போனேன். மரச்சாவி கனமாக இருந்தது. லோசாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பினாள். நானும் பின்னால்தான் போனேன். வரிசைகளைத் தாண்டி, ஜனமெல்லாம் கால்களை மடக்கி வழிவிட, தட்டு அடுக்குகிற இடத்துக்கு. ஃபூசி ஈரக் கையோடு நின்றாள். சாவியை நீட்டினேன். பயந்து பின்னால் போனாள்.

"ஐயோ, நான் இல்ல அக்கா. நீங்கதான். இல்லாட்டி அவரு..."

"வாங்குடி."

"எனக்குப் பேசத் தெரியாது அக்கா."

"வருஷக்கணக்கா வாயத் தொறக்காம இருந்து என் உயிர எடுத்தது போதாதா? ஃபாஹு சொல்றேன். கையத் தொடச்சுட்டு வாங்கு. போய்ப் பேசு."

கடைசி வார்த்தை ஹால் முழுதும் கேட்டிருக்கும். குரலை அடக்க எனக்கு எப்போது தெரிந்தது.

கையைத் துடைத்தாள். வாங்கினாள். முன்னால் போய் லோசா எதிரில் நின்றாள். சாவியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். நான் அவள் இடத்தில் நின்று, அவள் அடுக்காமல் விட்ட தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

பேசினாள். லோசா பிறந்த நாளின் மழையிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வருஷத்தையும் விடவில்லை. என்னைப் பற்றியும் சொன்னாள், நல்லதும் சொன்னாள், மற்றதும் சொன்னாள், சபை நடுவில், என் முகத்தைப் பார்த்து. பெரியவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நான் முறைத்ததும் கையை இறக்கிக்கொண்டார். வெளியே குழியைத் திறந்து, கறியை எடுத்து, இலையில் வைத்து, மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கப்புறமும் பேசினாள். பன்றிக்கறி ஆறிப்போய் நெய் உறைந்துவிட்டது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.